வளைந்த மேல்முதுகை நிமிர்த்தும் பயிற்சிகள்: வளரும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும்

முதலில் பிள்ளையைப் பாயில் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். கைகள் இரண்டும் உடம்பை ஒட்டி இருக்கட்டும். அப்படியே தலையையும் நெஞ்சையும் தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது தெரிந்த மேல்முதுகு வளைவு இப்போது படிந்துவிட்டதா? படிந்துவிட்டால் பெரும்பாலும் அது பழக்கத்தால் வந்த வளைவுதான். கீழே சொல்லும் பயிற்சிகள் அந்தப் பிள்ளைக்கானவை. வளைவு கொஞ்சமும் இளகாமல் விறைத்து நின்றால், பயிற்சியைத் தொடங்கும் முன் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பதின்வயதில் கூன் போலத் தெரிவதெல்லாம் ஒரே வகை அல்ல. மேல்முதுகில் 12 முள்ளெலும்புகள் இருக்கின்றன. அந்தப் பகுதி இயல்பாகவே சுமார் 20 முதல் 40 பாகை வரை பின்பக்கமாக வளைந்திருக்கும். ஆகவே முதுகைப் பலகை மாதிரி தட்டையாக்குவது நம் நோக்கம் இல்லை. அப்படி ஆக்கவும் கூடாது. அந்த அளவைத் தாண்டி, தோள்கள் முன்னால் விழுந்து, கழுத்தும் முன்னால் நீண்டு நிற்பதைத்தான் சரிசெய்யப் பார்க்கிறோம்.

இன்னொரு வகை எலும்பிலேயே வருவது. வேகமாக வளரும் வயதில் சில பிள்ளைகளுக்கு முள்ளெலும்பின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் குறைவாக வளர்ந்து, எலும்பு ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்கர் ஷாயர்மன் என்ற மருத்துவர் 1920களின் தொடக்கத்தில் இதை விவரித்ததால் இதற்கு ஷாயர்மன் நோய் என்று பெயர். அடுத்தடுத்த மூன்று எலும்புகளாவது தலா 5 பாகையோ அதற்கு மேலோ சரிந்திருக்கின்றனவா என்று எக்ஸ்ரேயில் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். வீட்டில் அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பிள்ளையைக் கால் முட்டியை மடக்காமல் முன்னால் குனியச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகு சீரான வில்லாக வளைந்தால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று முனை தள்ளினால் மருத்துவரிடம் போக வேண்டும். ஷாயர்மன் என்று தெரிந்தாலும் பயிற்சி உண்டு. ஆனால் அதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து வகுக்க வேண்டும். வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு அவர்களே பிரேஸ் (முதுகைத் தாங்கிப் பிடிக்க உடம்பில் மாட்டும் கவசம்) பரிந்துரைக்கலாம்.

அதே குனிந்த நிலையில் பின்னால் போய் நின்றும் ஒருமுறை பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் அது பக்கவாட்டு வளைவாக இருக்கலாம். அதற்கும் இந்தக் கட்டுரை போதாது.

அப்புறம் ஒன்று. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் முதுகுவலி, காலில் மரத்துப்போதல் அல்லது பலக்குறைவு, சிறுநீர் மலம் கழிப்பதில் மாற்றம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி, எண்ணெய், வைத்தியர் கையால் தட்டி எடுத்தல் என்று நாளைக் கடத்த வேண்டாம். காசநோய் நுரையீரலில் மட்டுமல்ல, முதுகெலும்பிலும் வரும். நம் ஊரில் இது அரிதான கதை இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தாலேயே குணமாக்க முடியும். விட்டுவிட்டால் எலும்பு நொறுங்கி, பிறகு மாற்ற முடியாத கூன் நின்றுவிடும்.

எங்கிருந்து வருகிறது

சேலத்தில் சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பங்களிலும், அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டித் தறிக்காரர் வீடுகளிலும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு, “எங்கப்பாவுக்கும் இப்படித்தான் சார், எங்க வம்சமே கூன்” என்பது. ஷாயர்மன் வகை குடும்பத்தில் தொடர்வது உண்டுதான். ஆனால் பல வீடுகளில் வம்சமாக வருவது எலும்பு இல்லை, உட்காரும் முறை. பொடி வளையத்தைக் கோத்துப் பற்றவைக்கும் வேலையைத் தலை குனியாமல் செய்ய முடியாது. அதே கூடத்தில், அதே தரையில், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையும் படிக்கிறது. பெரியவர்களுக்கு அது தொழில், வேறு வழியில்லை. பிள்ளைக்கு வழி இருக்கிறது.

குனிந்தே இருக்கும் உடம்பில் மெதுவாக மூன்று மாற்றங்கள் நடக்கும். நெஞ்சுத் தசைகள் இறுகித் தோளை முன்னால் இழுக்கும். மேல்முதுகின் மூட்டுகள் பின்பக்கம் வளைய மறந்து விறைக்கும். தோள்பட்டை எலும்பை முதுகோடு அணைத்துப் பிடிக்கும் தசைகள், முக்கியமாக அதன் நடுவிலும் கீழும் இருப்பவை, நீண்டு சோர்ந்துபோகும். “நிமிர்ந்து உட்காரு” என்று திட்டினால் பிள்ளை நிமிர்வதும், ஒரு நிமிடத்தில் பழையபடி குனிவதும் இதனால்தான். அது பிடிவாதமோ சோம்பேறித்தனமோ அல்ல. நிமிர்ந்தே இருக்க வேண்டிய தசைக்கு அவ்வளவு நேரம் தாங்கும் பலம் இல்லை. பலத்தைப் பயிற்சியால்தான் கொடுக்க முடியும், திட்டிக் கொடுக்க முடியாது. தயவுசெய்து சொந்தக்காரர்கள் முன்னால் “கூனா” என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். கேலி கேட்ட பிள்ளை இன்னும் கொஞ்சம் உள்ளே ஒடுங்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணம் சேர்கிறது. மார்பு வளரும் வயதில் பார்வைகளுக்குக் கூச்சப்பட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி நடக்கப் பழகிவிடுகிறார்கள். அம்மாவோ அக்காவோ உட்கார்ந்து பக்குவமாகப் பேசுவதும், சரியான அளவில் உள்ளாடை வாங்கித் தருவதும் எந்தப் பயிற்சிக்கும் குறைந்ததல்ல. வகுப்பில் எல்லோரையும்விடச் சட்டென்று உயர்ந்துவிட்ட பையன்களும் இப்படித்தான் நண்பர்களின் உயரத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொள்வார்கள்.

கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். தூரப்பார்வை மங்கியிருப்பது தெரியாமல் கழுத்தை நீட்டி நீட்டிக் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது கண்ணாடி.

பயிற்சிகள்

தேவையானவை: ஒரு பாய், கனமான ஒரு குளியல் துண்டு, சுவர், வாசல் நிலை, ஜன்னல் கம்பியில் கட்ட ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை). பேண்ட் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளலாம். விரிசல் இல்லாத டியூபாகப் பாருங்கள். வரிசை முக்கியம். முதலில் இறுகியதைத் தளர்த்த வேண்டும், பிறகுதான் சோர்ந்ததைப் பலப்படுத்த வேண்டும். மாற்றிச் செய்தால், விறைத்த முதுகோடு மல்லுக்கட்டிக் கழுத்துதான் வலிக்கும்.

தளர்த்தும் பயிற்சி மூன்று. துண்டை இறுக்கமாக, கை முஷ்டி கனத்துக்குச் சுருட்டிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதம் தரையில் இருக்க, தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனை வரும் இடத்தில் துண்டைக் குறுக்காக வைக்க வேண்டும். இரண்டு கையாலும் பின்தலையைத் தாங்கிக்கொண்டு, மூச்சை விட்டபடி தலையை மெல்லப் பின்னால் இறக்கவும். அங்கேயே ஐந்தாறு மூச்சு. பிறகு துண்டை இரண்டு விரல் மேலே நகர்த்தி மறுபடியும். மூன்று இடங்கள் போதும். கழுத்துக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் துண்டு போகக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் பிழை, மேல்முதுகு வளையாததால் விலா எலும்பைத் தூக்கி இடுப்பை வில்லாக வளைப்பது. வயிற்றை லேசாக இறுக்கிக்கொண்டால் இது நிற்கும். எல்லாப் பயிற்சியிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, வாசல் நிலையில் நெஞ்சை விரிப்பது. முழங்கையைத் தோள் உயரத்துக்கு மடக்கி, முன்கையை நிலையில் பதித்து, அந்தப் பக்கத்துக் காலை ஓர் அடி முன்வைத்து உடம்பை முன்னால் சாயுங்கள். நெஞ்சில் இழுப்பு தெரிந்ததும் நிறுத்தி 30 நொடி. பக்கத்துக்கு இரண்டு முறை. விரல் சுருசுருத்தால் கையைச் சற்றுக் கீழே இறக்கவும். இழுப்பு நெஞ்சில் தெரிய வேண்டும். தோள் மூட்டின் முன்பக்கம் குத்தினால் அதிகமாகச் சாய்கிறீர்கள்.

மூன்றாவது, கையும் முட்டியும் ஊன்றிய நிலையில் ஒரு கையைப் பின்தலையில் வைத்து, அந்த முழங்கையை முதலில் ஊன்றிய கையை நோக்கி இறக்கி, பிறகு கூரையைப் பார்க்கத் திருப்புவது. கண் முழங்கையைத் தொடர்ந்தே போகட்டும். பக்கத்துக்கு எட்டு தடவை.

பலப்படுத்தும் பயிற்சியைத் தாடையிலிருந்து தொடங்கலாம். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்காமல், பின்கழுத்து நீள்வது மாதிரி தாடையை உள்ளே இழுக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் இரட்டைத் தாடை தெரியும். அப்படித் தெரிந்தால் சரியாகச் செய்கிறார்கள். ஐந்து நொடி பிடித்துவிடுவது, பத்து தடவை. பழகிய பிறகு உட்கார்ந்தும், பஸ்ஸில் நின்றும் செய்யலாம். மோவாயை மேலே தூக்குவதோ நெஞ்சோடு குனிவதோ இல்லை. தலை நேராகப் பின்னால் நகர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது குப்புறப் படுத்துச் செய்வது, இதுதான் முழுப் பயிற்சியின் முதுகெலும்பு. மடித்த துண்டில் நெற்றியை வைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்க வேண்டாம். முழங்கைகளை மடக்கி இடுப்பை நோக்கி இறக்கினால் கைகள் டபிள்யூ எழுத்து மாதிரி வரும். தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னாலும் கீழேயும், பின்பாக்கெட்டில் போடுவது மாதிரி, இழுத்துக்கொண்டு கைகளைத் தரையிலிருந்து தூக்கி மூன்று நொடி நிறுத்தவும். எட்டு தடவை. இரண்டு வாரம் இதை மட்டும் செய்தால் போதும். பிறகு கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரல் கூரையைப் பார்க்கத் தூக்குவது. அதுவும் எளிதான பிறகு, கைகளைத் தலைக்கு மேல் சாய்வாக நீட்டி ஒய் எழுத்து மாதிரி தூக்குவது. கடைசி நிலைதான் மிகக் கடினம். தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும் தசைக்கு நேரடியான வேலை அதில்தான் இருக்கிறது. தோள் காதை நோக்கி ஏறினால் அந்தத் தசை வேலை செய்யவில்லை, கழுத்துத் தசை செய்கிறது என்று பொருள். உடனே முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். எடை எதுவும் தேவையில்லை. கையின் எடையே பல பிள்ளைகளை நடுங்க வைக்கும்.

பேண்டை நெஞ்சு உயரத்தில் ஜன்னல் கம்பியில் சுற்றி, இரு முனையையும் பிடித்து, படகு வலிப்பது போல முழங்கைகளைப் பின்னால் இழுப்பது அடுத்தது. பத்து முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு செட். இழுப்பதைவிட மெதுவாகத் திரும்ப விடுவதில்தான் பலன் அதிகம். கம்பி ஆடாமல் இருக்கிறதா என்று முதலில் பெரியவர் ஒருவர் இழுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சுவர். முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகாலை ஒரு சாண் முன்னால் வைத்து, பிட்டம், மேல்முதுகு, முடிந்தால் பின்தலை மூன்றும் சுவரைத் தொட, முழங்கை மடக்கிய கைகளைச் சுவரோடு உரசியபடி மேலே ஏற்றி இறக்குவது. ஆரம்பத்தில் கை சுவரைத் தொடவே தொடாது. பரவாயில்லை. இடுப்பை வளைத்துக் கையைத் தொட வைப்பதைவிட, இடுப்பு அசையாமல் கை பாதி தூரம் போவது மேல். எட்டு தடவை, இரண்டு செட்.

சிலருக்குத் தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி பின்னால் புடைத்திருக்கும். அவர்கள் சுவரில் தண்டால் எடுத்து, கை நீண்டதும் இன்னும் கொஞ்சம் சுவரைத் தள்ளி மேல்முதுகை விரிப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புஜங்காசனம் பற்றிப் பலர் கேட்பார்கள். நல்ல ஆசனம்தான். ஆனால் கையை முழுவதும் நீட்டி எழும்பினால் வளைவது இடுப்புதான், மேல்முதுகு அப்படியே இருக்கும். தொப்புள் தரையில் பதிந்திருக்க, முழங்கை மடங்கியே இருக்க, நெஞ்சை மட்டும் முன்னால் நீட்டித் தூக்கினால் பலன் உண்டு.

எத்தனை நாள்

தளர்த்தும் மூன்றையும் வாரத்தில் ஐந்தாறு நாள், பலப்படுத்துபவற்றை ஒன்றுவிட்ட ஒரு நாளாக வாரத்துக்கு மூன்று நாள். எல்லாம் சேர்த்தே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. மறுநாள் தசையில் லேசான வலி இருக்கலாம். குத்தும் வலியோ கையில் சுருசுருப்போ வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நான்கு வாரத்தில் பிள்ளைக்கே உடம்பு இலகுவாக இருப்பது தெரியலாம். கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கொடுங்கள். தொடங்கும் நாளில் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே தூரத்தில் இன்னொன்று எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

ஏற்காட்டிலும் நாகலூர் மாதிரி மலைக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு ஒரு சேதி. சுமார் 1500 மீட்டர் உயரத்துக் காலைக் குளிரில், ஸ்வெட்டருக்குள் கையை விட்டுத் தோளைக் குறுக்கி நிற்பது எல்லோருக்கும் பழக்கம். எழுந்ததும் நேராகத் துண்டின் மேல் படுக்காதீர்கள். ஐந்து நிமிடம் கையை வீசி நடந்து உடம்பு சூடான பிறகு தொடங்குங்கள், அல்லது மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறும்போது உடம்பு முன்னால் சாய்வது இயல்பு, அதைத் திருத்த வேண்டாம்.

படிக்கும் இடம்

இருபது நிமிடப் பயிற்சிக்கு எதிராக எட்டு மணி நேரம் குனிந்து படித்தால் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேசை நாற்காலி இல்லாத வீட்டில் அதை வாங்கினால்தான் ஆயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். சம்மணம் போட்டு உட்காரும்போது முதுகு ஏன் வளைகிறது என்று தெரிந்தால் போதும். இடுப்பும் தொடையின் பின்பக்கமும் இறுகியிருந்தால் இடுப்பெலும்பு பின்னால் சரியும்; அது சரிந்தால் மேலே இருப்பதெல்லாம் வளைந்தே ஆக வேண்டும். மடித்த போர்வையோ கெட்டியான தலையணையோ நாலு விரல் உயரத்துக்குப் போட்டு அதன் விளிம்பில் உட்காரச் சொல்லுங்கள். முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்ததும் முதுகு தானாக எழும். முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் புத்தகத்தைச் சாய்த்து வையுங்கள். பழைய மண்டிக் கடைகளில் கணக்கெழுத வைத்திருந்த குட்டைச் சாய்வு மேசை எங்காவது பரணில் கிடந்தால், அதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது.

நாற்காலியில் படிப்பவர்களுக்குப் பாதம் தரையைத் தொட வேண்டும், முழங்கை மேசை உயரத்தில் இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தண்ணீர் குடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு மூச்சு விட்டுவிட்டு உட்காரட்டும். நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு நிமிடம் நேர விரயம் ஆகாது. செல்போனை மடியிலிருந்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாலே பாதி வேலை முடிந்தது.

பை விஷயத்தில் மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை தெளிவாக இருக்கிறது: பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு 2.5 முதல் 4.5 கிலோ. பதினொன்று, பன்னிரண்டுக்கு 3.5 முதல் 5 கிலோ. வீட்டில் தராசு இல்லாவிட்டால் மளிகைக் கடையில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு தோளிலும் மாட்டி, வாரை இழுத்து, பை இடுப்புக்குக் கீழே தொங்காமல் இருக்கட்டும்.

தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட் ஆன்லைனில் நிறைய விற்கிறது. பழக்கத்தால் வந்த வளைவுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. போட்டிருக்கும்வரை பெல்ட் தாங்கும், தசை சும்மா இருக்கும். மருத்துவர் அளவெடுத்துத் தரும் பிரேஸ் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடல் வியர்க்கும் அசைவு வேண்டும், அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தருவதாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. நீச்சல், சிலம்பம், பேட்மின்டன், கம்பியில் தொங்குவது எல்லாமே தோளைத் திறக்கும். பொதுத்தேர்வு ஆண்டு என்று மைதானத்துக்கு அனுப்பாமல் வைப்பது எனக்கு ஒப்பவே இல்லாத காரியம்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் போட்டோவில் மாற்றமே இல்லை, அல்லது வளைவு கூடுகிறது என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவிலோ, உங்களுக்குத் தெரிந்த எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். எடுத்த போட்டோக்களையும், வலி எப்போது வருகிறது என்று எழுதி வைத்த குறிப்பையும் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே தேவை என்று மருத்துவர் சொன்னால், நின்ற நிலையில் பக்கவாட்டில் முழு முதுகெலும்பும் தெரியும்படி எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படுத்த நிலையில் எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும், பிறகு எடுக்கும் படத்தோடு ஒப்பிடவும் முடியாது.